பாட்டு வந்தால்தான் வண்டி கிளம்பும்

கண் எரியுதாக்கா? கொஞ்சம் தள்ளி அந்தக் கதவோரமா உட்காருங்க, காத்து வரும். தண்ணியில் ஊறப்போட்டுத்தான் உரிக்கிறேன், இருந்தாலும் சின்ன வெங்காயம் தன் குணத்தைக் காட்டாமல் விடுமா? நாளைக்கு எங்க நாத்தனார் குடும்பத்தோட வர்றாங்க. இந்த முறம் முழுக்க உரிச்சாகணும். ஐயோ, நீங்க கத்தியைத் தொடாதீங்க. வண்டி பார்க்க வந்தவங்களை வெங்காயம் உரிக்க வெச்சேன்னு தெரிஞ்சா அத்தை என்னை உரிச்சுடுவாங்க. அவங்க இப்ப இல்லை. பக்கத்து ஊர்ல ஒரு துக்கம், போயிருக்காங்க.

என்னங்கக்கா? சத்தமா சொல்லுங்க. தறிச் சத்தத்தில் ஒண்ணும் கேட்காது. பின் சுவருக்கு அந்தப் பக்கம் தறிக்குடோன், கரண்டு போனால்தான் வாயை மூடும். எங்களுக்குப் பழகிப்போச்சு. எங்க பாப்பா தொட்டிலில் தூங்கறதைப் பாருங்க. சத்தம் நின்றால்தான் அவள் முழிச்சுக்குவாள்.

எனக்கு வெளி ஆளுங்ககிட்ட பேசவே வராதுக்கா. நாக்கு உள்ளே போய் ஒட்டிக்கும். கல்யாணமான புதுசில் எனக்குப் பேச்சு வருமா வராதான்னு வீதியில் விசாரிச்சிருக்காங்க. அதனால் நான் சுத்தி வளைக்காமல் ஒரே வார்த்தையில் சொல்லிடறேன். அந்தக் கார் வண்டி விக்கிறதில்லைன்னு ஆயிடுச்சு. போன்ல போட்ட விளம்பரத்தை எடுக்க எங்க வீட்டுக்காரர் மறந்துட்டார். நானும் தினம் ஞாபகப்படுத்துறேன், அவரும் தினம் மறந்துடறார். பாவம், அத்தனை வேலை. பெரிய வண்டிகள் படத்தைப் போன்ல பார்த்துட்டே உட்கார்ந்திருக்கிற மனுசருக்கு இது எங்கே ஞாபகம் இருக்கும்?

ஆனால் நேர்ல வந்து நிற்கிறவங்ககிட்ட இல்லைன்னு சொல்ல அவருக்கு வாய் வராது. உங்க வீட்டுக்காரர் இன்னும் ரெண்டு தடவை அழுத்திக் கேட்டார்னா சாவியைக் கையில் குடுத்துடுவார். அந்த வண்டி போச்சுன்னா எனக்கு எங்கம்மாவோட பேச்சே போச்சு. அதனால்தான் உங்களை உள்ளே கூப்பிட்டு உட்கார வெச்சேன். நீங்க ஏதோ சொல்ல வர்றீங்க, இருங்க, நான் முடிச்சுடறேன்.

வண்டியில் முன்னால் ஒரு ஸ்கிரீன் இருக்குமே, பாட்டு, மேப்பு எல்லாம் வருமே, அதில்தான் எல்லாம் ஆரம்பிச்சது. சாவியைத் திருப்பினதும் கம்பெனி பேர் வரும், அப்புறம் ஒரு வட்டம் சுத்தும், அது முடிஞ்சதும் பென் டிரைவில் இருந்து சாமி பாட்டு வரும். திடீர்னு ஒரு நாள் அந்த வட்டம் சுத்த ஆரம்பிச்சது, சுத்திக்கிட்டே இருந்தது. தொட்டால் அசையலை, தட்டினால் அசையலை. அதுக்கென்ன, பாட்டு இல்லாமல் போனால் வண்டி போகாதாங்கறீங்களா? மத்தவங்க வீட்டில் போகும். எங்க வீட்டில் போகாது. சாமி பாட்டு ஓடாமல் வண்டி வாசல் தாண்டக் கூடாதுங்கறது அத்தை போட்ட சட்டம். வண்டி எடுத்த புதுசில் ஒரு நாள் எங்க வீட்டுக்காரர் பாட்டைப் போடாமல் அவசரமாக் கிளம்பிப் போய், வீதி முனையில் பால்காரர் மேல விட்டார். பால்காரருக்கு ஒண்ணும் ஆகலை. பால்தான் வீதி முழுக்க ஓடுச்சு. அன்னைக்கிலிருந்து முதல் பாட்டு முடிகிற வரைக்கும் கேட்டைத் திறக்க விட மாட்டாங்க.

போன்ல பாட்டைப் போட்டுக்கலாமேன்னு எங்க கொழுந்தனார் சபரி கேட்டார். கோயமுத்தூர்ல டிப்ளமா படிச்சவர்.

அத்தை கையை நீட்டிச் சொன்னாங்க, "போன்ல பாடுனா அது போனுக்குத்தான் காவலு. வண்டிக்குள்ளாற இருந்து பாடுனாத்தான்டா வண்டிக்குக் காவலு."

அதுக்கு மேல என்ன பேச முடியும்?

சபரி ஒவ்வொண்ணா பார்த்தார். பென் டிரைவில் பாட்டு அதிகமாயிடுச்சுன்னு சினிமாப் பாட்டை எல்லாம் அழிச்சு சாமி பாட்டை மட்டும் வெச்சார். அத்தைக்கு ரொம்பச் சந்தோசம். வட்டம் சுத்திக்கிட்டே இருந்தது. பட்டனை விடாமல் அழுத்திப் பிடிச்சுட்டு உட்கார்ந்திருந்தார். பியூஸைப் பிடுங்கி மாட்டினார். பேட்டரி ஒயரைக் கழட்டி, டீ குடிச்சுட்டு வந்து மாட்டினார். அப்ப மட்டும் ஒரு தடவை வரும், மறுநாள் பழைய கதை. நெட்டில் இருந்து என்னவோ புதுசா இறக்கி ஏத்தினார். அதுக்கப்புறம் வட்டம் மட்டும் கலர் மாறிச்சு. எங்க வீட்டுக்காரர் கேட்டார், "ஏன்டா, இத்தன படிச்சு கலர மட்டுந்தான் மாத்தத் தெரியுமா?" அதிலிருந்து ரெண்டு பேருக்கும் ரெண்டு நாள் பேச்சு இல்லை.

சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு போனாங்க. அங்கே நாள் பூரா ஆன் பண்ணி ஆஃப் பண்ணிப் பார்த்திருக்காங்க. ஒரு தடவைகூட நிற்கலை. "ஒண்ணுமே இல்லீங்களே"ன்னு தண்ணி அடிச்சுக் கழுவி அனுப்பிட்டாங்க. வீட்டு ஷெட்டுக்குள் வந்து மறுநாள் சாவியைத் திருப்பினால் வட்டம். அப்ப ஷெட்டில்தான் கோளாறுன்னு வாஸ்து பார்க்கிறவரைக் கூட்டி வந்தார் எங்க வீட்டுக்காரர். அவர் ஷெட்டுக்குள் நின்று நாலு பக்கமும் மூக்கை உறிஞ்சிப் பார்த்துட்டு, வண்டி மூஞ்சி தப்பான திக்கைப் பார்க்குது, கொண்டு போய் வேப்ப மரத்தடியில் நிறுத்துங்கன்னார். நிறுத்தினோம். பாட்டு கணீர்னு வந்தது! அவருக்கு வேட்டி துண்டு வெச்சுக் குடுத்து அனுப்பினோம். ஆனால் மரத்தடியில் எத்தனை நாள் நிறுத்த முடியும்? காக்காய்ங்க வண்டிக்கு வெள்ளை அடிச்சுடுச்சுங்க. பாவு நூல் ஏத்தி வர்ற லாரியும் அந்த வழியாத்தான் வரணும். திரும்ப ஷெட்டு, திரும்ப வட்டம்.

இதுக்கு நடுவில் எங்க ஊர்க் கோயில் நோம்பிக்கு நான் அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். திரும்பி வந்து பையைக்கூடக் கீழே வைக்கலை, அத்தை வாசலிலேயே சொன்னாங்க, "ஏ புள்ள, நீ ஊர்ல இல்லாதப்ப வண்டி ஒரு நாளும் நிக்கலையாக்கும். தெனமும் பாட்டு வந்துச்சு. உன்ற ராசி என்ன ராசியோ!"

சிரிச்சுட்டேதான் சொன்னாங்க. எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். அப்புறம் மத்தியானம் அந்த வண்டிக்குள்ளேயே போய் உட்கார்ந்து அழுதேன்.

ஆமாக்கா, வண்டிக்குள்ளேதான். அதைச் சொல்லாமல் விட்டுட்டேன் பாருங்க. எங்கம்மாவுக்குக் குரலே எழாது. பக்கத்தில் உட்கார்ந்து பேசினாலே காதைக் கொண்டு போகணும். இந்தத் தறிச் சத்தத்தில் அவங்க போன்ல பேசறது எனக்கு எப்படிக் கேட்கும்? நான் கத்திப் பேசினால் தறிக்காரங்க வரைக்கும் கேட்கும். கல்யாணமாகி வந்ததில் இருந்து அம்மாகிட்ட நான் பேசினது, "சாப்பிட்டியா, சாப்பிட்டேன், வெச்சுடறேன்", அவ்வளவுதான். பொங்கலுக்கு வந்த என் தங்கச்சிதான் ஒரு நாள் வண்டிக்குள் உட்கார வெச்சு, என் போனை எடுத்து ரெண்டு தட்டு, ஸ்கிரீனில் ரெண்டு தட்டு தட்டினாள். "இப்ப அம்மாவைக் கூப்பிடு"ன்னாள். கூப்பிட்டேன். அம்மா நாலு கதவில் இருந்தும் பேசினாங்கக்கா! கண்ணாடி ஏத்தினால் தறிச் சத்தம் தூரத்தில் மழை பெய்கிற மாதிரி ஆயிடுது. அம்மா மூச்சு விடறதுகூடக் கேட்குது.

அதிலிருந்து அத்தை மத்தியானம் கண் அசந்ததும் பாப்பாவைத் தூக்கிட்டு ஷெட்டுக்குப் போயிடுவேன். புழுங்கும்தான், சுவர்ப் பக்கத்துக் கண்ணாடியை விரல் நுழையற அளவு இறக்கி வெச்சுக்குவேன். ஸ்கிரீன் நின்றிருந்தால் அணைச்சு அணைச்சுப் போடுவேன், எப்படியும் ஒரு தடவை வந்துடும். பாப்பா மடியிலேயே தூங்கிடுவாள். அம்மா அவங்க பக்கத்து வீட்டுச் சண்டையெல்லாம் சொல்வாங்க. நான் இங்கே நடக்கிறதைச் சொல்வேன். நடக்கிறதைச் சொன்னால் அது குறை சொல்றதாகுமா? அத்தை எனக்குக் காபியில் சக்கரை குறைச்சுப் போட்டாங்கன்னு சொன்னால், குறைச்சுப் போட்டாங்க, அதைத்தான் சொல்றேன்.

இதை ஏன் யார்கிட்டயும் சொல்லலைன்னு கேட்கறீங்களா? யாரும் கேட்கலையே. ஸ்கிரீன் நிற்கிறதுக்கும் நான் எங்கம்மாகிட்ட பேசறதுக்கும் முடிச்சுப் போட எனக்கு எப்படித் தெரியும்? எட்டாவதோட நின்னவ நான்.

அப்பத்தான் அத்தையோட அண்ணன் மகள் கல்யாணம் வந்தது. காலையில் முகூர்த்தம். எல்லாரும் பட்டு கட்டி, பூ வெச்சு, வண்டியில் ஏறியாச்சு. சாவியைத் திருப்பினார். வட்டம். இறங்கி ஏறினார். வட்டம். சபரி பியூஸைப் பிடுங்கினார், பட்டு வேட்டியில் கறை. எனக்கு வியர்த்து பூவெல்லாம் வாடிப்போச்சு. அத்தை கேட்டைத் திறக்க விடலை. கடைசியில் அவங்களே ஒரு வழி சொன்னாங்க. "பெட்டி பாடாட்டிப் போகுது. நாம பாடலாம், எல்லாரும் பாடுங்க."

வண்டிக்குள் உட்கார்ந்துட்டு முழுப் பாட்டையும் பாடினோம் அக்கா. எங்க வீட்டுக்காரருக்கு முதல் ரெண்டு வரிதான் தெரியும், அதையே திரும்பத் திரும்பப் பாடினார். சபரி வாயை மட்டும் அசைச்சார். தறிக்காரங்க வேலையை விட்டுட்டு வந்து பார்த்தாங்க. நாங்க மண்டபத்துக்குப் போய்ச் சேரும்போது கடைசிப் பந்தி ஓடிட்டு இருந்தது. அண்ணன் மகள் கழுத்தில் தாலி ஏறினதை அத்தை பார்க்கலை. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழட்டும்போது மகன்கிட்டச் சொன்னாங்க, "பூபதி, இத வித்துப்போடு."

அன்னைக்கே எங்க வீட்டுக்காரர் படம் எடுத்துப் போன்ல போட்டுட்டார். இந்த ஒரு விஷயத்தில் மறதியே இல்லை பாருங்க.

நான் சமையல்கட்டில் நின்னுட்டே யோசிச்சேன். வேண்டாம்னு சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கு? ஏன்னு கேட்டால் என்ன சொல்றது? ராசி கெட்டவள்னு வேற பேர் வாங்கியாச்சு. அம்மாகிட்ட மட்டும் சொன்னேன். "விக்கட்டும் கண்ணு, சத்தம் போட்டுப் பேசிப் பழகிக்கறேன்"னாங்க. சத்தம் போட்டுக் காட்டவும் செஞ்சாங்க. இருமல்தான் வந்தது.

அவிநாசியில் இருந்து ஒருத்தர் வண்டி பார்க்க வந்தார். எங்க வீட்டுக்காரர் விவரமா மரத்தடியில் கொண்டு போய் நிறுத்தி வெச்சிருந்தார். ஸ்டார்ட் பண்ணினதும் பாட்டு கணீர்னு வந்தது. அவரும் ஓட்டிப் பார்த்துட்டு, பிடிச்சுப்போய் ஷெட்டுப் பக்கம் திருப்பிக் கொண்டு வந்தார். அத்தை, சபரி, எங்க வீட்டுக்காரர் எல்லாரும் நிற்கிறாங்க. கரண்டு போன நேரம், தறி ஓடலை. நான் இங்கே டீ ஊத்திட்டு இருக்கேன். போன் அடிச்சது. அம்மா. எடுத்து "ஹலோ"ங்கறேன், ஒரு சத்தமும் இல்லை. "ஹலோ, அம்மா, கேட்குதா"ங்கறேன்.

ஷெட்டில் இருந்து எங்கம்மா குரல், வீதிக்கே கேட்கிற மாதிரி: "கண்ணு கோகிலா, உன்ற மாமியா தூங்கிட்டாளா? வண்டிக்குள்ள ஏறிட்டியா சாமி?"

டீ கொட்டிப்போச்சு. வண்டி பார்க்க வந்தவர் பிரேக்கை அழுத்திட்டுப் பின் சீட்டைத் திரும்பிப் பார்த்திருக்கார். "உள்ளாற யாருங்க?"

எங்கம்மா நிறுத்தலை. "இன்னிக்காச்சும் காப்பிக்குச் சக்கர போட்டாளா?"

அக்கா, அந்த நேரத்தில் பூமி பிளந்திருந்தால் டீ டம்ளரோட உள்ளே போயிருப்பேன்.

சபரிதான் தலையில் அடிச்சுட்டார். "அண்ணி, உங்க போனா!" அவர் சொன்னது எனக்குப் புரிஞ்ச வரைக்கும் சொல்றேன். என் போன் எப்பவும் இந்த ஜன்னலில் சார்ஜில் இருக்கும். இந்த ஜன்னல் சுவருக்கு வெளியே ஷெட்டு. வண்டி கண் முழிச்சதும் முதல் வேலையா என் போனைத் தேடுது. சுவர் நடுவில் இருக்கிறதால் பாதி கிடைக்குது, பாதி நழுவுது. கிடைச்சது, போச்சு, கிடைச்சது, போச்சுன்னு தேடித் தேடியே மேல நகராமல் நின்னுடுது. நான் ஊரில் இல்லைன்னால் போனும் இல்லை, மரத்தடி வரைக்கும் அது எட்டறதும் இல்லை, தேடிப் பார்த்து விட்டுட்டுப் பாட்டுக்குப் போயிடுது. என் ராசியில் ஒண்ணும் இல்லைக்கா, ராசி போன்லதான் இருந்திருக்கு. உடனே ஸ்கிரீனில் இருந்து என் பேரை அழிச்சார். ஷெட்டுக்குள் நிறுத்தி ஸ்டார்ட் பண்ணினார், பாட்டு வந்தது. அவிநாசிக்காரர் நாளைக்கே எடுத்துக்கறேன்னுட்டுப் போனார்.

ராத்திரி சாப்பிடும்போது நான் தலை நிமிரவே இல்லை. அத்தை கை கழுவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாங்க. சக்கரை விஷயம்தான் வரப்போகுதுன்னு நினைச்சேன்.

"ஏம்புள்ள, வண்டிக்குள்ள பேசுனா அத்தன கணீர்னு கேக்குமா?"

"கேட்குமுங்க அத்தை."

"எனக்கும் கேக்குமா?"

அப்பத்தான் சொன்னாங்க. தறிக்குப் பக்கத்திலேயே வாழ்ந்து அவங்களுக்குக் காது மந்தமாயிடுச்சு. நேரில் பேசினால் வாயைப் பார்த்துச் சமாளிச்சுக்குவாங்க. போன்ல அவங்க மக தேவிகா பேசறது ஒரு எழுத்து கேட்காதாம். மாசக்கணக்கில் இல்லை, வருசக்கணக்கில். "உம், உம்னு சொல்லிட்டு வெச்சுப்போடுவேன்"னாங்க. வெளியே சொன்னால் கிழவின்னு சொல்லிடுவாங்களாம்.

சபரி மறுபடியும் என் பேரை வண்டிக்குள் ஏத்தினார். அத்தையை முன் சீட்டில் உட்கார வெச்சு நாத்தனாருக்குப் போன் போட்டுக் குடுத்தேன். "அம்மா"ன்னு நாலு கதவில் இருந்தும் கேட்டதும் அத்தை டேஷ்போர்டை ரெண்டு கையாலும் பிடிச்சுக்கிட்டாங்க. அன்னைக்கே அவிநாசிக்காரருக்கு இல்லைன்னு சொல்லச் சொல்லிட்டாங்க. சபரிதான் சொன்னார், எங்க வீட்டுக்காரருக்குத்தான் வராதே.

இப்ப ஒரு வழக்கம் வெச்சிருக்கோம். வண்டியை எடுக்கும் முன்னால் எங்க வீட்டுக்காரர் "போனை அணை"ன்னு குரல் குடுப்பார். நான் அணைப்பேன். பாட்டு வந்ததும் போட்டுக்குவேன். ஒரு கஷ்டமும் இல்லை. ஒரே கஷ்டம் அத்தைதான். மத்தியானம் ஏறினாங்கன்னால் இறங்கறதில்லை. மகளோட பேசி முடிச்சு, எங்கம்மாவையும் கூப்பிட்டுப் பேசறாங்க. ரெண்டு சம்மந்திகளும் என்னைப் பத்தித்தான் பேசறாங்கன்னு கண்ணாடிக்கு வெளியே நின்றாலே தெரியுது. எனக்குக் கடைசியில் கொஞ்ச நேரம் கிடைக்கும். போதும். அதுவும் போயிடக் கூடாதுன்னுதான்...

"கோகிலா! ஏ கோகிலா! போனை அணைச்சுடு, வண்டியை எடுக்கறேன்!"

பார்த்தீங்களா? சொன்னேனா இல்லையா? சாவியை எடுத்துட்டார். அத்தை ஊரில் இல்லாத நேரம் பார்த்து! உங்க வீட்டுக்காரர் ஷெட்டுக்குள்ளேயே உட்கார்ந்து பார்க்கப் போறார், பாட்டும் கணீர்னு வரப்போகுது, அத்தை வர்றதுக்குள் பேசி முடிச்சுடுவாங்க.

"அணைச்சுட்டேனுங்க!"

என்னக்கா அப்படிப் பார்க்கறீங்க? ஆமா, லைட்டு எரியுது. எரியட்டும். சார்ஜ் இருக்கு. முறத்துக்கு அடியில் தள்ளிட்டால் யாருக்குத் தெரியும்? உங்க வீட்டுக்காரரைப் பார்த்தால் தங்கமான மனுசராத் தெரியுது, அவருக்கு இதைவிட நல்ல வண்டி கிடைக்கும். எங்கம்மாவுக்கு வேற வண்டி கிடைக்காது. இருங்க, பேசாதீங்க, இஞ்சின் ஓடுது. பாட்டு வருதா? வரலை. இன்னும் வரலை.

"கோகிலா! நெசமாலுமே அணைச்சியா? இது சுத்திக்கிட்டே நிக்குது! இங்க வா சித்தெ!"

"வந்துட்டேனுங்க!"

அக்கா, பாப்பா முழிச்சால் தொட்டிலை ரெண்டு ஆட்டு ஆட்டி விடுங்க. உங்க வீட்டுக்காரர் கேட்டால் நீங்க எதையும் பார்க்கலை, நாம ரெண்டு பேரும் சும்மா வெங்காயம் உரிச்சுட்டு இருந்தோம்.